சாமணம் பிடித்த கை
(சேர்வைகளின் கதை – 14)

காபனின் நான்கு கரங்களையும் 1874இல் வான்ட் ஹொஃப் நான்முகியின் மூலைகளுக்கு எப்படித் திருப்பினார் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பாஸ்டரைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. அதே அணுக்களால் இரு வேறு சேர்வைகள் வருமா என்று லீபிக்கும் வோலரும் முட்டிக்கொண்டதும், அப்படியான சேர்வைகளுக்குப் பேர்சீலியஸ் 1830இல் சமபகுதியங்கள் என்று பெயர் வைத்ததும் பழைய கதை. சங்கிலி, தானம், தொழிற்பாட்டுக் கூட்டம் என்று உயர்தர மாணவர் மனனம் செய்யும் சமபகுதியங்களில் அணுக்களைத் தொடுத்த ஒழுங்கே வேறு. அதில் பெரிய மர்மமில்லை. தொடுப்பும் ஒன்றாயிருக்க, சேர்வை இரண்டாக நின்றதுதான் ஐரோப்பாவைக் குழப்பியது.

திராட்சைரசப் பீப்பாயில் படியும் தார்த்தாரிக்கமிலம் தளமுனைவாக்கிய (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியை வலப்பக்கம் திருப்பும். நானாட்டான் ஊரில் மீன் குழம்புக்குக் கரைக்கும் பழப்புளியில் இருப்பதும் அதே வலக்கை அமிலம்தான். அதே அணுக்களை அதே விகிதத்தில் கொண்ட ராசிமிக்கமிலமோ ஒளியை அசைக்கவேயில்லை. பேர்லின் பேராசிரியர் மிட்ஷெர்லிக் 1844இல் இரண்டினதும் சோடியம் அமோனியம் உப்புகளைப் பார்த்து, பளிங்குகளும் ஒன்றே என்று தீர்ப்பெழுதிவிட்டார். பெரிய பெயர், கண்தான் போதவில்லை.

1848. பாரிசில் 25 வயது லூயி பாஸ்டர் ராசிமிக்கமில உப்பைக் கரைத்து, படிந்த பளிங்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார். ஓரத்தில் சின்னஞ்சிறு சரிவு முகம். சிலவற்றில் அது வலப்பக்கம், சிலவற்றில் இடப்பக்கம். சாமணத்தால் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். ஒரு குவியலின் கரைசல் ஒளியை வலமாகத் திருப்பியது, மற்றது இடமாக. சம அளவில் கலந்தால் திருப்பமேயில்லை.

மூத்த பௌதிக அறிஞர் பியோ நம்பவில்லை. 74 வயது, இந்த ஒளிக் கலையில் அவரே வாத்தியார். இரசாயனங்களைத் தானே கொடுத்து, கண்முன்னே உப்பைச் செய்வித்து, தன் ஆய்வுகூடத்திலேயே வற்றவிட்டார். பாஸ்டர் பிரித்துக் கொடுத்த பளிங்குகளைக் கிழவரே கரைத்து, இடப்பக்கத்தை முதலில் கருவியில் வைத்தார். பார்த்த மாத்திரத்தில் பையனின் கையைப் பற்றிக்கொண்டார்.

என் மண்டையைக் குடைவது வேறொன்று. இந்த உப்பு ஏறத்தாழ 27 பாகை செல்சியசுக்குக் கீழேதான் வலமும் இடமுமாகப் பிரிந்து படியும். சூடு அதற்கு மேலே போனால் இரண்டும் ஒரே பளிங்குக்குள் அடங்கிவிடும். பங்குனி வெயிலில் நானாட்டான் திண்ணையொன்றில் பாஸ்டர் அந்தக் கரைசலை வைத்திருந்தால் சாமணத்துக்கு வேலையே இருந்திராது. அதனால் இதை வெறும் அதிர்ஷ்டம் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். மிட்ஷெர்லிக்கின் பேர்லினிலும்தானே குளிர் இருந்தது!

நம் பக்கத்திலோ, அதே 1848இல் மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மருத்துவமனை தொடங்கினார். அவருடைய இரசாயன நூலான 'கெமிஸ்தம்' 1875இல் தமிழில் வந்தபோது வான்ட் ஹொஃபின் நான்முகிக்கு வயது ஒன்று. அந்த நான்முகியையும், அதைத் திட்டித் தீர்த்த கோல்பேயையும் அடுத்த வாரம் கட்டாயம் பார்ப்போம்.