அச்சமும் விடையும்

“வீட்டுப்பாடத்தை நீங்களே செய்தீர்களா?” என்று வகுப்பில் கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. பயிற்சிப் புத்தகங்கள் சிலவற்றிலோ பெற்றோரின் எழுத்தே தெரிந்தது. மாணவர்கள் அஞ்சியே அவ்வாறு கூறினர்.

பெரியவர்களும் இப்படித்தான். இதற்கு ஸ்டான்லி வார்னர் 1965-ஆம் ஆண்டு அமெரிக்கப் புள்ளியியல் கழக இதழில் ஒரு வழி கூறினார். விடையளிப்பவர் ஒரு முள்ளைச் சுழற்றுவார். அது “செய்தேன்”, “செய்யவில்லை” என்னும் இரு கூற்றுகளுள் ஒன்றைக் காட்டும். அக்கூற்று தமக்குப் பொருந்துமா என்று மட்டும் அவர் சொல்வார். முள் காட்டியது எது என்பதைக் கேட்பவர் அறியார். ஆதலால் தனிமனிதரின் இரகசியம் காக்கப்படும். இரு கூற்றுகளுக்கும் உரிய வாய்ப்பு சமமன்று. அதன் அளவும் முன்பே தெரியும். எனவே மொத்த விடைகளிலிருந்து குழுவின் விகிதத்தைக் கணிக்கலாம்.

இதற்குப் பெருந்தொகையினர் தேவை. என் வகுப்பு போதாது. ஆயினும் பாடம் ஒன்றுண்டு: முதலில் பாதுகாப்பு, பிறகே கேள்வி. நம் பிள்ளைகளுக்கு அதைத் தருகிறோமா?