நூல்கட்டைப் பின்னல்

தையல் நூல் சுற்றிவரும் மரக்கட்டையின் தலையில் நான்கு சிறு ஆணிகளை அடித்து, அவற்றில் நூலை மாட்டி, குழல் போன்ற கயிறாகப் பின்னி எடுக்கும் கைவேலை. இங்கிலாந்தில் இதை பிரெஞ்சு நிட்டிங் என்றும், ஜெர்மனியில் ஸ்டிரிக்லீசல் என்றும் சொல்வார்கள்.

நூலின் நுனியைக் கட்டையின் துளைக்குள் விட்டு, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு சுற்று போட வேண்டும். பிறகு நூலை ஆணிகளின் வெளிப்பக்கமாக, முதல் சுற்றுக்கு மேலே கொண்டுவந்து, கீழே இருக்கும் கண்ணியைத் தடித்த ஊசியால் தூக்கி ஆணியின் தலைக்கு மேல் உள்பக்கம் தள்ள வேண்டும். ஆணி ஆணியாக இப்படியே சுற்றிவந்தால், கட்டையின் அடியிலிருந்து கயிறு இறங்கத் தொடங்கும். முடிக்கும்போது நூலை வெட்டி நான்கு கண்ணிகளிலும் கோத்து இறுக்கினால் போதும். ஸ்வெட்டர் பின்னும் ஊசிகளில் ஒரு கண்ணி நழுவினால் வரிசை வரிசையாகக் கீழ்நோக்கிப் பிரியும் என்ற பயம் உண்டு. இங்கே கண்ணிகளை ஆணி பிடித்துக்கொள்வதால் ஆறு வயதுக் குழந்தைகூடத் துணிந்து பின்னலாம்.

இந்தக் கைவேலையின் வரலாறு தையல் நூலின் வரலாற்றோடு ஒட்டியது. நெப்போலியன் 1806-ல் பிரிட்டனுடனான வணிகத்தைத் தடுத்தபோது அங்கே பட்டு வரத்து சுருங்கியது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துக் கிளார்க் குடும்பத்தார் பட்டுக்கு மாற்றாக வழவழப்பான பருத்தி நூலை உருவாக்கினார்கள். அதே ஊரில் கோட்ஸ் குடும்பமும் நூல் ஆலை தொடங்கியது. 1851-ல் ஐசக் சிங்கர் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் நூற்றாண்டு முடிவதற்குள் இயந்திரங்கள் வீடுவீடாகப் பரவ, நூல் தீர்ந்த மரக்கட்டைகளும் வீடுகளில் சேர்ந்தன. தூக்கிப்போட மனம் வராத அந்தக் கட்டையே குழந்தைகளின் பின்னல் கருவியானது. 1909-ல் மேரி மெக்கார்மக் நியூயார்க்கில் வெளியிட்ட ‘ஸ்பூல் நிட்டிங்’ என்ற சிறு புத்தகம், இதைப் பள்ளிக் கைவேலையாக வகுத்துக் காட்டியது.

தமிழர்களுக்குத் தையல் நூல் வந்த வழி தனிக் கதை. ஆண்ட்ரூ, ஃபிராங்க் ஹார்வி சகோதரர்கள் 1880-களில் தாமிரபரணி அருவியின் விசையை நம்பிப் பாபநாசத்தில் நூற்பாலை நிறுவினார்கள். அடுத்துத் தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஆலைகள் எழுந்தன. அந்த மதுரா மில்ஸ் பின்னாளில் பெய்ஸ்லியின் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குப் பம்பாய் போய் தாராவியில் குடியேறியவர்களின் சொந்த மண்ணும் இதே ஆற்றங்கரைப் பகுதிதான்.

அந்தத் தென்பகுதியில் நூல் கைவேலை ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவில் வந்த மிஷனரி மார்த்தா மால்ட், பெண் பிள்ளைகளுக்கு பாபின்களில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா கால்டுவெல் அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். லேஸ் விற்பனைக்குப் போனது, பெண்களின் கையில் கூலி சேர்ந்தது, ஆகவே ஆவணங்களில் இடம்பெற்றது. நூல்கட்டைப் பின்னல் வீட்டுக்குள்ளேயே பயன்பட்டுத் தேய்வது என்பதால், நம் ஊரில் அதை யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. இது பெரிய குறை. குழந்தைகள் முதன்முதலில் ஒரு பொருளைத் தாமே ஆக்கிப் பார்த்த அனுபவம் இத்தகைய வேலைகளில்தான் இருக்கிறது.

நெல்லைக்காரர்கள் குடியேறிய மும்பையில் நூலின் பெரிய வரலாறு ஆலைகளுக்கே சொந்தம். 1854-ல் காவஸ்ஜி நானாபாய் தாவர் முதல் பருத்தி ஆலைக்கு அடிகோலினார். நெசவுத் தொழில்நுட்பம் கற்பித்த விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரி 1923-ல் பைக்குலாவிலிருந்து மாட்டுங்காவுக்கு இடம் மாறியது. மறு ஆண்டே பருத்தி ஆய்வுக்கூடம் ஒன்றும் மாட்டுங்காவில் திறக்கப்பட்டது. ஆலைகளுக்கு வெளியே, கைவேலைக்கும் இந்நகரில் ஓர் இடம் கிடைத்தது: 1950-ல் பரேல் கே.ஈ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் ஆக்குபேஷனல் தெரபிப் பள்ளியைத் தொடங்கினார். கைவேலையே மருந்தாகும் சிகிச்சை அது. விரல்களை ஒரே சீராக மடக்கி நீட்ட வைக்கும் நூல்கட்டைப் பின்னல் அத்தகைய பயிற்சிக்கு மிகவும் ஏற்றது.

மரக்கட்டை போய் பிளாஸ்டிக் வந்ததும் ஆணி அடிக்க வழியில்லாமல் போனது. ஆனால் தேவையான பொருள்கள் மறையவில்லை. தடித்த அட்டைக் குழாயைச் சுற்றி ஐஸ் குச்சிகளை டேப் போட்டு ஒட்டினால் கருவி தயார். தாராவியின் தையல் கூடங்களில் மிஞ்சும் பனியன் துணியை விரல் அகல நாடாவாகக் கத்தரித்தால் அதுவே நூல்.

மெல்லிய கயிறு பாவாடை நாடாவுக்கும், பையின் வாய்ச்சுருக்குக்கும், துணி மாட்டும் வளையத்துக்கும் ஆகும். நீளமாகப் பின்னி நத்தைச் சுருளாக வளைத்து, பின்பக்கம் தைத்துவந்தால் சூடான பாத்திரம் இறக்கிவைக்கும் விரிப்பு கிடைக்கும். இதற்குப் பருத்தி மட்டுமே உகந்தது; நைலானும் பாலியெஸ்டரும் சூட்டில் உருகிப் பாத்திரத்தில் ஒட்டும். தைக்கும்போது சுருளை இறுக்கி இழுத்தால் நடுப்பகுதி கிண்ணம்போல் குழிந்துவிடும், மேசைமேல் தட்டையாகப் பரப்பிவைத்துத் தைக்க வேண்டும். ஆணிகளை எட்டு, பன்னிரண்டு என்று கூட்டி, குழாயையும் அகலமாக்கினால் தண்ணீர் பாட்டில் உறையும் குழந்தைத் தொப்பியும் பின்னலாம்.