உரிமையை எழுதினால் போதுமா? விசாரணைக் கைதிகளின் பிணையும் சட்டச் சீர்திருத்த அலுவலரின் பொறுப்பும்

சட்டச் சீர்திருத்தம் என்றதும் அமைச்சரும் நீதிபதியும் சட்ட ஆணையமும் நினைவுக்கு வருகிறார்கள். கோப்பைத் தொடங்கி, குறிப்பெழுதி, வரைவாளருடன் அமர்ந்து உட்பிரிவுகளைத் தீர்மானிக்கும் கொள்கை அலுவலர் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் ஒரு சட்டம் யாருக்குப் பயன்படும், யாரைக் கைவிடும் என்பது பெரும்பாலும் அவர் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. விசாரணைக் கைதிகளின் பிணை பற்றிய ஏற்பாடு அடுத்தடுத்த இரு சட்டங்களில் எழுதப்பட்ட விதம் இதற்குத் தெளிவான சான்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஆகவே இந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு வரியும் லட்சக்கணக்கானோரைத் தொடக்கூடியது.

கடமையாளர் இல்லாத உரிமை

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 436அ பிரிவு சேர்ந்து, 2006இல் நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக, உச்சபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியைச் சிறையில் கழித்தவரை நீதிமன்றம் பிணையில் விடுவிக்க வேண்டும் என்றது அது. அந்தப் பாதிக் காலம் முடியும் நாளைக் கணக்கிட வேண்டியவர் யார், மனுச் செய்ய வேண்டியவர் யார் என்று அது சொல்லவில்லை. வழக்கறிஞர் வைக்க வசதியற்ற கைதிக்கு அந்த நாள் வந்ததும் தெரியாது, கடந்ததும் தெரியாது. 2014இல் பீம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அக்டோபர் 1 முதல் இரண்டு மாதங்களுக்கு, நீதித்துறை அதிகாரிகள் வாரந்தோறும் சிறைகளுக்கே சென்று தகுதியானவர்களைக் கண்டறிய வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டம் வந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நீதிபதிகள் செய்ய நேர்ந்த இந்தத் தேடலை, வரைவு நிலையிலேயே ஓர் உட்பிரிவு தவிர்த்திருக்க முடியும்.

திருத்தமும் அதன் பின்னடைவும்

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு இக்குறையைச் சரிசெய்தது. உரிய காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத்துமூலம் உடனே விண்ணப்பிக்கும் கடமையை உட்பிரிவு 3 சிறைக் கண்காணிப்பாளர் மீது சுமத்துகிறது. முன்பு தண்டிக்கப்படாதவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக் காலமே போதும். மூன்றாண்டுத் தண்டனைக்குரிய திருட்டு வழக்கில் ஒன்றரை ஆண்டு ஓராண்டாகக் குறைந்தது பெரிய முன்னேற்றம்தான்.

அதே பிரிவு வேறிடங்களில் கதவைச் சாத்துகிறது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களும் இப்போது விலக்கப்பட்டுள்ளன. உட்பிரிவு 2இன்படி, ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ வழக்குகளோ நிலுவையில் இருந்தால் இப்பிரிவின்கீழ் அவருக்குப் பிணை இல்லை. இரவில் வீடு புகுந்து திருடியதாகப் பிடிபட்டவரை எடுத்துக்கொள்வோம். வீட்டில் அத்துமீறி நுழைந்ததற்கு ஒரு பிரிவு, திருடியதற்கு இன்னொரு பிரிவு எனக் காவல் நிலையத்தில் பதிவாகிறது. நடந்த சம்பவம் ஒன்று, முதல் தகவல் அறிக்கையும் ஒன்று. ஆனாலும் உட்பிரிவை எழுத்துப்படி படித்தால் அவர் தகுதி இழக்கிறார்.

மூன்றில் ஒரு பங்கு என்ற அளவை 2017இல் சட்ட ஆணையத்தின் 268ஆவது அறிக்கையும் பரிந்துரைத்திருந்தது. அங்கே அளவுகோல் வேறு: ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றமா என்பதே கேள்வி. அதற்கான விடை கைதியோடு சிறைக்கு வரும் ரிமாண்ட் வாரண்டிலேயே இருக்கிறது; சிறை எழுத்தர் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் 479ஆம் பிரிவு கேட்பதுபோல் முன்பு தண்டனை பெற்றாரா என்பதை அறியக் காவல்துறைப் பதிவு வர வேண்டும். அது எத்தனை நாளில் வர வேண்டும் என்று பிரிவு சொல்லவில்லை. கடமையை ஒருவரிடமும், அதற்கு வேண்டிய தகவலை இன்னொருவரிடமும் வைத்துவிட்டால் கடமை தேங்கிவிடும்.

எதிர்வாதம்

பல வழக்குகளில் சிக்கியவர் எளிதில் வெளியே வந்தால் பொதுமக்களுக்கு ஆபத்து என்பர். அது நியாயமான கவலை. ஆனால் தனிப்பட்ட ஆபத்தை எடைபோட்டு, காரணத்தை எழுதி, காவலை நீட்டிக்கும் அதிகாரத்தை 436அ நீதிமன்றத்துக்கு ஏற்கெனவே தந்திருந்தது. அது இருக்க, ஒரே சம்பவத்துக்கு இரு பிரிவுகள் போடப்பட்டவரையும் சேர்த்து அடைக்கும் முழுத்தடை தேவையில்லை. அலுவலர் அமைச்சருக்குக் கட்டுப்பட்டவர், கொள்கையை மாற்ற அவரால் இயலாது என்றும் கூறலாம். முடிவு அமைச்சருடையதுதான்; ஆனால் அந்த முடிவால் யார் யார் உள்ளேயே இருப்பார்கள் என்று கோப்பில் எழுதிவைப்பது அலுவலரின் பணி. மத்திய அரசின் 2014ஆம் ஆண்டுச் சட்டமுன் ஆலோசனைக் கொள்கை, வரைவை 30 நாட்களேனும் பொதுவெளியில் வைத்து, அடிப்படை உரிமைகள் மீதான அதன் தாக்கத்தையும் விளக்கச் சொல்கிறது. கேள்வி எழுப்ப அலுவலருக்கு இதுவே ஆதாரம்.

முடிவுரை

பிணைச் சீர்திருத்தக் கோப்பு ஒவ்வொன்றும் மூன்று கேள்விகளுக்கு விடை தந்த பிறகே அமைச்சரவைக்குப் போக வேண்டும்: கடமை யாருடையது, அதற்கான தகவல் யாரிடம் உள்ளது, தவறினால் என்ன ஆகும். வரைவை ஒரு மத்தியச் சிறையின் உண்மையான ரிமாண்ட் வாரண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், உட்பிரிவு 2இன் விளைவு மசோதா நிலையிலேயே தெரிந்திருக்கும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. ஒரே சம்பவத்தில் எழும் குற்றங்களை உட்பிரிவு 2இலிருந்து விலக்கவும், முந்தைய தண்டனை பற்றிய தகவலைக் குறித்த நாட்களுக்குள் தரக் காவல்துறையைக் கட்டுப்படுத்தவும் ஒரு சிறு திருத்தம் போதும். அதற்கான முதல் குறிப்பை எழுத எந்த நீதிமன்ற உத்தரவுக்காகவும் அலுவலர் காத்திருக்க வேண்டியதில்லை.