வடபுல ஞாயிறும் இசுமாவின் படங்களும்

தைப்பொங்கல் மலருக்கு ஞாயிறு தொடர்பாக ஒரு கட்டுரை தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது என் மனம் முதலிற் சென்றது புறநானூற்றின் 30ஆம் பாட்டுக்கு. சோழன் நலங்கிள்ளியைப் பாடவந்த உறையூர் முதுகண்ணன் சாத்தனார், அரசனின் ஆற்றலைச் சொல்வதற்கு முன்னர், ஞாயிற்றின் போக்கையும் காற்றுத் திரியும் திசையையும் நேரிலே போய் அளந்துவந்தவர் போல எடுத்துரைப்போர் உளர் என்கிறார். புலவர் இதை விளக்கம் ஏதுமின்றிச் சொல்லிச் செல்வதைப் பார்த்தால், வானையும் காற்றையும் கணித்தறிந்த பெருமக்கள் அவர் காலத்துத் தமிழகத்தில் எல்லோரும் அறிந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். தொல்காப்பியரும் நிலத்தையும் பொழுதையுமே முதற்பொருள் என்றார். தெய்வமும் உணவும் தொழிலும் பறையும் யாழும் அவற்றிலிருந்து கிளைக்கும் கருப்பொருள்கள். நிலமும் பொழுதும் பிறழ்ந்தால் மற்றவை யாவும் பிறழும் என்பது இந்த வைப்புமுறையின் உட்கிடை என்றே நான் கொள்கிறேன்.

ஞாயிறும் காற்றும் பிறழ்ந்ததைத் தம் கண்ணால் கண்டு, படமாகவும் பதிந்து வைத்த இனுயிட் என்னும் மக்கள் கூட்டம் நாம் குடியேறிய இதே கனடாவின் வடக்கில் வாழ்கிறது. அவர்களைப் பற்றி எழுதுவதே இம்மலருக்கு நான் செய்யத்தக்க பணி.

இக்லூலிக் என்பது நுனாவுட் ஆட்புலத்தில் உள்ள சிறு தீவு. ஏறத்தாழ 2,000 பேர் வாழும் ஊர். நவம்பர் இறுதியில் அங்கே மறையும் ஞாயிறு மீண்டும் தலைகாட்டுவது ஜனவரி நடுப்பகுதியில், நாம் பொங்கற்பானை ஏற்றும் நாள்களை ஒட்டி. ஞாயிறு மீண்டதும் எல்லா விளக்குகளையும் அணைத்து, புதிதாக ஏற்றிய ஒரே சுடரிலிருந்து திரும்ப ஏற்றுவது அவர்களின் மூதாதையர் வழக்கம். குல்லிக் எனப்படும் அந்த விளக்கு மாக்கல்லில் பிறை வடிவாகக் குடைந்தது. கடல்நாய்க் கொழுப்பே எண்ணெய். பாசியும் ஆர்க்டிக் பருத்திப்புல்லின் பஞ்சும் திரி. திரியை விளிம்பு நெடுகப் பரப்பி, சுடர் புகையாமல் ஒரே உயரத்தில் நிற்கும்படி பேணுவது பெண்களின் கைத்திறன். படங்களில் அதைக் காணும்போதெல்லாம் நம் பூசையறை விளக்கின்முன் நிற்பது போன்ற பணிவு எனக்கு உண்டாகிறது.

1970களில் செயற்கைக்கோள் வழியே தெற்கின் தொலைக்காட்சி வடக்கை எட்டியது. இக்லூலிக் மக்கள் 1975இலும் 1979இலும் ஊர்கூடி வாக்களித்து அதை மறுத்துவிட்டார்கள். தம் மொழி ஒலிக்காத பெட்டியை வீட்டுக்குள் விட அவர்களுக்கு மனமில்லை. இனுயிட் மக்களே நடத்தும் ஒளிபரப்பு தொடங்கிய பின்னர், 1983இல்தான் இசைந்தார்கள். மொழிக்காக நின்றவர்கள் என்று பெருமை பேசும் உரிமை நமக்கு உண்டு. இந்தச் சிற்றூரின் உறுதியை வணங்கும் கடமையும் உண்டு.

அவ்வூர்க் கற்சிற்பி சக்கரியாஸ் குனுக். 1957இல் கபுயிவிக் என்ற வேட்டைக் குடியிருப்பில் பிறந்து, ஒன்பது வயதில் பள்ளிக்கென்று ஊருக்குக் கொண்டுவரப்பட்டவர். 1981இல் தம் சிற்பங்களை மொன்றியலில் விற்று, அந்தப் பணத்தில் ஒரு வீடியோ கமெரா வாங்கினார். 1990இல் போல் அப்பாக் அங்கிலிர்க், பவுலூசி குலிட்டாலிக், நோர்மன் கோன் ஆகியோருடன் சேர்ந்து இசுமா என்ற படத்தயாரிப்பு நிறுவனத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே அவ்வூர்ப் பெண்கள் ஆர்னயிட் என்ற தனிப் படக்குழுவைத் தொடங்கினார்கள்.

இவர்களின் படமுறை வேறு. 1940களின் வாழ்வை ஊரவரே மீண்டும் வாழ்ந்து காட்டினார்கள். தோலுடையையும் கருவிகளையும் தம் கையாலேயே செய்தார்கள். விளக்கவுரைக் குரல் கிடையாது. பனிக்கட்டியை வெட்டி வீடு கட்டி முடியும்வரை கமெரா பொறுமையாக உடனிருக்கும். 13 பகுதிகள் கொண்ட 'நுனாவுட்' தொடர் 2002இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த 11ஆவது டாக்குமென்டா கலைக்காட்சியில் வைக்கப்பட்டது. இனுயிட் மக்கள் பேசும் இனுக்டிடுட் மொழியின் முதல் முழுநீளக் கதைப்படமான 'அட்டனார்ஜுவட்' 2001இல் கான் திரைப்பட விழாவில் கமெரா டோர் விருது பெற்றது. அதன் கதையை எழுதிய அப்பாக் 1998இலேயே மறைந்துவிட்டார் என்பது நெஞ்சை வருத்தும் செய்தி. 2019இல் வெனிஸ் பியனாலேயின் கனடா அரங்கம் முழுவதும் இசுமாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

எனினும் விருதுகளைவிட நான் பெரிதாக மதிப்பது, 2010இல் குனுக்கும் ஆய்வாளர் இயன் மவுரோவும் எடுத்து, நம் ரொறன்ரோவில் முதன்முதலாகத் திரையிட்ட 'கபிரங்காயுக்' என்ற ஆவணப்படத்தை. காலநிலை மாற்றத்தைப் பற்றிய இனுயிட் அறிவே அதன் பொருள். வெவ்வேறு ஊர் முதியோர், வேட்டையில் கழிந்த வாழ்நாளை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஞாயிறு பழைய இடத்தில் மறைவதில்லை, விண்மீன்களும் இடம் மாறிவிட்டன, பூமி சாய்ந்துவிட்டது என்கிறார்கள்.

காற்றைப் பற்றிச் சொல்வது இன்னும் நுட்பமானது. வடமேல் காற்று அடித்தடித்துச் செதுக்கிய வன்பனி மேடுகள் நாக்கு வடிவில் நிலமெங்கும் கிடக்கும். நாக்கின் நுனி காட்டும் திசை மாறாது. இருட்டிலும் பனிப்புயலிலும் வேட்டைக்காரர் அம்மேடுகளைக் காலால் உணர்ந்து, இன்ன கோணத்தில் கடந்தால் வீடு வரும் என்று அறிந்து நடந்தார்கள். இப்போது காற்றே திசை மாறிவிட்டதால் அந்த நாக்குகளை நம்பமுடியவில்லை என்கிறார்கள்.

பூமி சாய்ந்தது என்ற பேச்சு வெளிவந்ததும் அறிவியலாளர் சிலர் கடிந்துகொண்டார்கள். பூமியின் அச்சு அப்படிச் சாயவில்லை என்பது உண்மையே. ஆயினும் முதியோர் கண்டதும் பொய்யன்று. குளிர்ந்த பனிப்பரப்பின்மேல் வெப்பமான காற்றடுக்குப் படியும்போது ஒளிமுறிவு மிகுந்து, அடிவானத்துக்குக் கீழுள்ள ஞாயிறும் மேலே தூக்கிக் காட்டப்படும். வெப்பம் கூடக் கூட அந்தத் தோற்றமும் மாறும் என்ற விளக்கம் பின்னர் கிடைத்தது. எவர் வாய்ச்சொல்லிலும் மெய்ப்பொருளைத் தேடச் சொன்ன வள்ளுவர் வழி நடந்திருந்தால் கடிதல் நேர்ந்திராது. சாத்தனார் சொன்ன அளந்தறிந்தோர் இவர்களே என்று எனக்குப் பட்டது.

இசுமாவினர் தொழில்நுட்பத்தை ஒதுக்கியவர்கள் அல்லர். 2008இல் இணையவழிக் காணொளித் தளம் அமைத்தார்கள். பாஃபின் தீவின் மேரி ரிவர் இரும்புச் சுரங்கம் பற்றிய விசாரணையில் ஊரவர் குரல் தம் மொழியிலேயே கேட்கும்படி செய்தார்கள். அச்சுரங்கம் ஆண்டுக்கு 6 மில்லியன் தொன் தாது ஏற்றுவதை 12 மில்லியனாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2022 நவம்பரில் நிராகரித்தது. பல ஊர் மக்களின் நெடிய எதிர்ப்பு அதன் பின்னால் இருந்தது.

வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றைப் பெயர்சொல்லி அறிந்த நம் கடலோடிகள் இன்று ஸ்காபரோவின் மாடிக்குடியிருப்புகளில் முதுமையைக் கழிக்கிறார்கள். எந்தக் காற்றில் எந்த மீன் படும், எந்த முகிலுக்கு வள்ளம் இறக்கலாகாது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கிறது. இளையோரே, உங்கள் கைப்பேசியோடு அவர்களிடம் போங்கள். அவர்கள் தம் ஊர்ப்பேச்சிலேயே பேசட்டும். இடைமறிக்காமல் முடியும்வரை பதியுங்கள். ஆண்டுவிழாவில் 'கபிரங்காயுக்' படத்தைத் திரையிடச் சங்கத்தினரை வேண்டுகிறேன். அது 54 நிமிடமே ஓடும். முடிந்ததும் அரங்கில் உள்ள முதியோரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்து, ஊரில் மாரி எப்போது இறங்கியது, எந்தக் காற்று அதைக் கொண்டுவந்தது என்று கேளுங்கள்.