குரோம் என்னும் சொல்வழி: கிரேக்கத்திலிருந்து குரோம்பேட்டை வரை

ஆங்கிலத்தில் 'குரோம்' என்னும் எழுத்துக் கூட்டைத் தாங்கிய சொற்கள், இசை, ஒளியியல், உயிரியல், வேதியியல் எனத் தொலைவான துறைகளில் வழங்கினாலும், பெரும்பாலும் ஒரே கிரேக்க வேரிலிருந்து கிளைத்தவை. அவ்வேரான 'குரோமா' நிறத்தைக் குறிப்பது. அதற்கு நெருங்கிய உறவான 'குரோஸ்' என்பதோ உடலின் மேற்பரப்பையும் தோலையும் குறித்தது. தோலில் தெரிவதே நிறம் என்ற நிலையில் பொருள் தோலிலிருந்து நிறத்துக்கு நகர்ந்தது என்று கொள்ளலாம். தமிழில் 'நிறம்' என்னும் சொல் பழைய இலக்கியத்தில் வண்ணத்தையும் மார்பையும் ஒருங்கே குறித்திருப்பதால், இத்தகைய உறவு தமிழ் வாசகருக்கு அந்நியமானதன்று. நிறத்துக்கு நகர்ந்த அச்சொல், ஓர் உலோகத்தின் பெயராகி, அவ்வுலோகத்தின் உப்பால் விலங்குத் தோலைப் பதனிடும் முறையின் பெயராகி, சென்னையின் தெற்கே ஓர் ஊரின் பெயராகவும் நிலைத்தது. அந்த வழியைத் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சொற்களின் தொடக்கத்திலுள்ள சி, எச் என்னும் இரண்டு எழுத்துகள், கிரேக்கத்தின் 'கை' என்னும் ஓரெழுத்தை ரோமானியர் தம் எழுத்தில் பெயர்த்தபோது உண்டானவை. ஆகவே கிரேக்க வழிச் சொற்களில் அவை ககர ஒலியாகவும், பிறவற்றில் பெரும்பாலும் சகர ஒலியாகவும் வரும். தாம்பரம் வழியாகச் செல்லும் புறநகர் ரயில் தடத்தில் செங்கல்பட்டின் பெயரும் குரோம்பேட்டையின் பெயரும் ஆங்கிலத்தில் அதே இரண்டு எழுத்துகளோடுதான் தொடங்குகின்றன. ஆனால் ஒலி வேறு. எழுத்து ஒத்திருப்பதால் உறவும் இருக்கும் என்று கொள்வதும் தவறு. நாள்பட்ட நோயைக் குறிக்கும் 'குரானிக்', வரலாற்றுக் குறிப்பைக் குறிக்கும் 'குரானிக்கிள்' ஆகியவை வேர்ப்பகுதியின் கடைசி மெய் ஒன்றால் மட்டும் வேறுபட்டு இக்குடும்பத்தைப் போலவே தோன்றினாலும், அவை காலத்தைக் குறிக்கும் 'குரோனோஸ்' என்னும் வேறொரு வேரிலிருந்து வந்தவை.

குரோமா குடும்பத்தின் உறுப்பினர்களில் 'மோனோகுரோம்' ஒற்றை நிறத்தையும், 'குரோமாட்டிக்' இசையில் அரைச்சுர நகர்வையும் குறிக்கும். 1888இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டேயர், சாயமேற்றினால் அடர்ந்து தெரியும் உயிரணு இழைகளுக்குக் 'குரோமோசோம்' என்று பெயரிட்டார்; நிறமுள்ள உடல் என்பது அதன் பொருள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அதை 'நிறமூர்த்தம்' என்று வழங்குவது, வேர்ப்பொருளின் இரு பகுதிகளையும் காத்த அருமையான ஆக்கமாகும்.

உலோகத்துக்கு இப்பெயர் வந்தது 1790களின் இறுதியில். சைபீரியச் செவ்வீயம் எனப்பட்ட, யூரல் மலைப்பகுதியிலிருந்து வந்த செந்நிறத் தாதுவை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான், 1797இல் அதில் புதிய தனிமம் இருப்பதைக் கண்டார். அதன் சேர்மங்கள் மஞ்சள், சிவப்பு, பச்சை எனப் பல நிறம் காட்டியமையால் குரோமியம் என்ற பெயர் பொருந்திற்று. மாணிக்கத்தின் சிவப்புக்கும் மரகதத்தின் பச்சைக்கும் சிறிதளவு குரோமியமே காரணம்.

இவ்வுலோகத்தின் உப்புகள் தோலைப் பதனிடும் என்பதை 1858இல் ஜெர்மனியின் நாப் எடுத்துரைத்தார். 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ஸும், 1893இல் மார்ட்டின் டென்னிசும் பெற்ற காப்புரிமைகளே அதைத் தொழிலாக்கின. அதுவரை தமிழகத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டு வந்தனர். குரோமிய உப்பு, தோலின் கொலாஜன் என்னும் புரத இழைகளைக் குறுக்கே பிணைத்து, அவ்வேலையைச் சில நாட்களில் முடிப்பதோடு, சூட்டையும் ஈரத்தையும் தாங்கும் வலிமையையும் தருகிறது. அந்நிலையில் நீலம் பாய்ந்து ஈரமாக இருக்கும் தோலை டேனரிகளில் 'வெட் புளூ' என்பார்கள். நிறத்தின் பெயரால் அமைந்த உலோகம் இவ்வாறு தோலுக்கு நிறம் தந்தது.

சென்னை மாகாணத்தில் இம்முறைக்கு வழி திறந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். பொறியியல் பேராசிரியராக இருந்து, அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே ஊன்றியவர் அவர். 1903இல் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையின் தோல்பை ஓயாத ஈரத்தால் விரைவில் கெட்டுவிடுவதால், உழவருக்கு நீடித்து உழைக்கும் பை கிடைக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. ஏற்றுமதிப் பண்டமாக மட்டும் கருதப்பட்ட தோலை உள்ளூர்க் கிணற்றோடு இணைத்துப் பார்த்த இந்தச் சிந்தனைக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை. அரசே தொழிற்சாலை நடத்துவதைச் சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தனர். 1910இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபுவும் அதை ஏற்க மறுத்தார். ஆனால் நுட்பம் இங்கேயே தங்கிற்று. சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரத்தை அடுத்துத் தொழிற்சாலை நடத்த, அதைச் சூழ்ந்த குடியிருப்பு குரோம்பேட்டை எனப் பெயர் பெற்றது.

இப்பெயரைச் சுற்றியுள்ள பெயர்களோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். பல்லாவரம் பல்லவரின் நினைவைத் தாங்குவது; மகேந்திரவர்மனின் குடைவரை அங்கே உள்ளது. செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் என்பவை நீர்நிலை சார்ந்த பழைய பாக்கங்கள். இவற்றிடையே ஒரு வேதிப்பொருளின் பெயர் ஊர்ப்பெயராக நிலைத்ததற்கு, சந்தையையும் தொழில் சார்ந்த புறக்குடியிருப்பையும் குறிக்கும் 'பேட்டை' என்னும் ஈறு உதவிற்று. சொல்லின் முதலில் மெய்யெழுத்து தனித்து நில்லாது என்னும் தமிழ் இலக்கண மரபுக்கு இணங்க, ககர மெய்யோடு ஓர் உகரம் சேர்ந்து 'குரோம்' ஆயிற்று. ஆங்கிலத்திலோ இடையில் 'ஈ' என்னும் எழுத்தை இட்டும் விட்டும் இருவகையாக இன்றும் எழுதுகிறார்கள்.

1949இல் சி. ராஜம் அங்கே சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யை நிறுவியபின், ஊரின் பெயர் தோலைவிடக் கல்வியோடு மிகுதியாக இணைத்து அறியப்பட்டது. ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அக்கல்லூரியில் வானூர்திப் பொறியியல் பயின்றவர். 2021இல் ஊர் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. ஆயினும் உலோகம் இப்பகுதியை விட்டு நீங்கிவிடவில்லை. அருகிலுள்ள நாகல்கேணி, பம்மல் பகுதி டேனரிகளின் கழிவால் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்தது. தோலைப் பதனிடுவது மூன்றிணைதிற வடிவம் என்றாலும், ஆறிணைதிற வடிவம் நஞ்சாகும். தமிழகத் தோல் ஆலைகளைப் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் 1996இல் நிலைநாட்டியது. பெயரை மாற்றுவது எளிது. ஆனால் நீரைத் தூய்மையாக்குவது தலைமுறைகளின் வேலை. குரோம் லெதர் கம்பெனியின் முதலெழுத்துகள் மட்டும் 'சி.எல்.சி. ஒர்க்ஸ் ரோடு' என்ற தெருப்பெயரில் இன்றும் வழங்குகின்றன.