வதந்தியும் வரலாறும்: எகிப்தியத் திரைக்கலைஞர் லைலா முராதை முன்வைத்து

அரபு மொழியின் நவீன வரலாற்றைக் கற்பிப்போர் எகிப்தியத் திரைப்படத்தைத் தொடாமல் கடந்து செல்ல இயலாது. தல்அத் ஹர்ப் தோற்றுவித்த மிஸ்ர் வங்கியின் முதலீட்டில் 1935இல் ‘ஸ்டூடியோ மிஸ்ர்’ தொடங்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கெய்ரோவின் பேச்சு வழக்கு மொராக்கோ முதல் ஈராக் வரை பாமரரும் புரிந்துகொள்ளும் மொழியாக மாறியது. அதில் வானொலிக்கும் திரைக்கும் பெரும் பங்குண்டு.

திரைப்படம் குறித்த மார்க்கச் சட்டத் தீர்ப்பு இக்கட்டுரையின் பொருளன்று. அது பற்றி உலமாப் பெருமக்கள் விரிவாகவே எழுதியுள்ளனர். நமது கேள்வி வேறு. ஒருவரைப் பற்றிப் பல்லாண்டுகளாக வாய்வழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தியை எந்த அளவுகோலால் நிறுப்பது? அவர் திரையில் நடித்தவர் என்பதால் அவரது மானத்தின் மதிப்புக் குறைந்துவிடுமா? அறிவிப்பாளர்களை ஆய்வதற்கென்றே தனிக்கலை கண்ட சமுதாயம் இக்கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டாக, எகிப்தின் புகழ்பெற்ற பாடகியும் நடிகையுமான லைலா முராதின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

இசைவாணரின் மகள்

லைலா முராத் 1918இல் எகிப்திய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ஸக்கீ முராத் அக்கால மேடைகளில் பெயர் பெற்ற பாடகர். யூத வழிபாட்டு இசையிலும் தேர்ந்தவர். இளமையிலேயே மேடையேறிய லைலா, 1938இல் முஹம்மத் அப்துல் வஹ்ஹாபுடன் நடித்த ‘யஹ்யல் ஹுப்’ படத்தின் மூலம் திரைக்கு அறிமுகமானார். பின்னர் இயக்குநர் தோகோ மிஸ்ராஹீ அவரது பெயரையே தலைப்பில் தாங்கிய படங்களை அடுத்தடுத்து எடுத்தார். 1945இல் நடிகரும் இயக்குநருமான அன்வர் வஜ்தீயை லைலா மணந்தார். அவ்விருவரும் இணைந்து வழங்கிய படங்களுள் 1949இல் வெளியான ‘கஸலுல் பனாத்’ இன்றளவும் அரபுலகம் நினைவில் வைத்திருக்கும் படமாகும். அதில் முதன்மை வேடமேற்ற நஜீப் அர்ரைஹானீ, படம் திரைக்கு வருமுன்னரே காலமானார்.

1940களின் பிற்பகுதியில் லைலா இஸ்லாத்தைத் தழுவினார். 1995 நவம்பரில் கெய்ரோவில் மரணிக்கும் வரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். 1953இல் வெளிவந்த ‘லைலா பின்த்துல் அகாபிர்’ படத்தில், ஹஜ்ஜுக்குப் புறப்படுவோரை வழியனுப்பி அவர் பாடிய பாடலுக்கு ரியாழ் அஸ்ஸுன்பாத்தீ இசையமைத்தார். எகிப்தில் ஹஜ் காலம் வந்தால் இன்றும் அப்பாடலைக் கேட்கலாம்.

1952 செப்டம்பர்

1952 ஜூலை 23ஆம் நாள் இராணுவ அதிகாரிகள் மன்னர் ஃபாரூக்கின் ஆட்சியை வீழ்த்தினர். 1948ஆம் ஆண்டுப் போரில் கண்ட தோல்வியின் காயம் ஆறாதிருந்த காலம் அது. துரோகி யார் என்ற கேள்வி எங்கும் எழுந்தது. செப்டம்பரில் திமிஷ்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. லைலா முராத் இஸ்ரேலுக்குச் சென்றார் என்றும், அந்நாட்டுக்கு 50,000 எகிப்திய பவுன் நன்கொடை அளித்தார் என்றும், ஆகவே சிரியா அவருடைய பாடல்களையும் படங்களையும் தடை செய்தது என்றும் அச்செய்தி கூறிற்று. கெய்ரோவின் பத்திரிகைகள் அதனை எடுத்து வெளியிட்டன.

லைலா உடனே மறுத்தார். அக்கோடையில் தாம் தங்கியிருந்தது பிரான்ஸில் என்றும், தாம் முஸ்லிம், எகிப்தியர் என்றும் அறிவித்தார். புதிய ஆட்சியின் இராணுவத் தலைமை இதனை விசாரித்தது. அவர் இஸ்ரேலுக்குச் செல்லவில்லை என்றும், குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்றும் அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே தெளிவுபடுத்தப்பட்டது. அதன்பின் புரட்சி ஆட்சியின் முழக்கமாகிய ஒற்றுமை, ஒழுங்கு, உழைப்பு ஆகியவற்றைப் போற்றும் பாடலையும் அவர் பாடினார்.

இருப்பினும் வதந்தி ஓயவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின்னரும், 2009ஆம் ஆண்டு ரமளானில் அவரது வாழ்க்கை தொலைக்காட்சித் தொடராக வெளிவந்தபோதும், பழைய வினாவையே பலர் மீண்டும் கேட்டனர்.

முஹத்திஸ்களின் தராசு

இச்செய்தியை ஹதீஸ் கலையின் முறைப்படி நோக்குவோம். முதலாவது இஸ்னாத். இதனைக் கண்ணால் கண்டவர் யார்? பணத்தைக் கொடுத்தவரிடமிருந்து பெற்றவர் யார்? எந்தப் பெயரும் இல்லை. முதல் அறிவிப்பாளரே ‘மஜ்ஹூல்’, அதாவது யாரென்று அறியப்படாதவர். அதன்பின் அச்சேற்றிய பத்திரிகைகள் எத்தனையாயினும், அவை ஒரே மூலத்தை மீண்டும் சொன்னவையே. அவற்றைத் தனித்தனிச் சாட்சியங்களாக எண்ணுதல் பிழை.

இரண்டாவது மத்ன், அதாவது செய்தியின் உள்ளடக்கம். 50,000 பவுன் என்ற துல்லியமான தொகையே பலரை நம்ப வைத்தது. எண் சொல்லப்பட்டால் கணக்குப் பார்த்தவர் ஒருவர் இருந்திருப்பார் என்று மனம் கருதிவிடுகிறது. இப்னு கல்தூன் (1332–1406) தம் ‘முகத்திமா’வில் இந்த இடத்தில்தான் எச்சரிக்கை செய்கிறார். படைகளின் எண்ணிக்கையும் செல்வத்தின் அளவும் கூறப்படும் இடங்களிலேயே பொய் எளிதில் நுழைகிறது என்பது அவர் கருத்து.

மூன்றாவது, மறுப்பின் வலிமை. அரசு விசாரணை எதுவும் இறுதி உண்மையாகிவிடாது என்பது சரியே. ஆயினும் துரோகிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதில் மிகுந்த முனைப்புக் காட்டிய ஆட்சியே ஆதாரமில்லை என்று கூறியது. குற்றத்தை நிறுவுவதால் பயனடையக்கூடிய தரப்பு அதனை மறுத்துரைக்குமானால், அம்மறுப்புக்குத் தனி எடை உண்டு.

அக்காலத்து அச்சம் முற்றிலும் கற்பனையானதன்று என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். 1954இல் இஸ்ரேலிய இராணுவ உளவுத்துறைக்காக எகிப்திய யூதர் சிலர் கெய்ரோவிலும் அலெக்ஸாந்திரியாவிலும் குண்டு வைத்தது உண்மை. அவர்களுள் இருவர் 1955 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டனர். ஆனால் அது லைலாவின் மீதான வதந்திக்கு ஈராண்டுகள் பிற்பட்ட நிகழ்வு. சிலர் செய்த குற்றத்தை, 1948இல் ஏறத்தாழ 75,000 முதல் 80,000 பேர் வரை இருந்த ஒரு சமூகத்தின் மீது ஏற்றுவதை நீதி என்று எவ்வாறு சொல்வது?

அஸ்மஹான்: மறுபக்கம்

வதந்தி எல்லாமே பொய் என்று கொள்வதும் ஆய்வு ஆகாது. லைலாவின் சமகாலத்தவரான அஸ்மஹானின் வரலாறு இதற்குச் சான்று. இயற்பெயர் ஆமால் அல் அத்ரஷ். சிரியாவின் ட்ரூஸ் தலைமைக் குடும்பத்தில் பிறந்தவர். இசையமைப்பாளரும் நடிகருமான ஃபரீத் அல் அத்ரஷின் சகோதரி. அவர் நடித்தவை இரண்டே படங்கள். 1944 ஜூலை 14ஆம் நாள், மன்ஸூராவுக்கு அருகே அவர் சென்ற கார் கால்வாயில் விழ, அவரும் உடன் சென்ற தோழியும் மூழ்கி இறந்தனர்; ஓட்டுநர் உயிர் தப்பினார். முடிவுறாதிருந்த அவரது இரண்டாவது படத்தை இயக்குநர் யூஸுஃப் வஹ்பீ கதையின் முடிவை மாற்றி நிறைவு செய்தார்.

அவர் பிரித்தானியருக்காகப் பணியாற்றினார் என்ற பேச்சு அன்றே இருந்தது. அதற்கு அடிப்படை உண்டு. 1941 ஜூனில் நேச நாட்டுப் படைகள் சிரியாவுக்குள் நுழையுமுன், ட்ரூஸ் தலைவர்களின் இணக்கத்தைப் பெறப் பிரித்தானியரின் செய்தியைக் கொண்டு சென்றவர்களுள் அவரும் ஒருவர். அவரது வாழ்வை ஆராய்ந்து ஷரீஃபா ஸுஹூர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதனை விரிவாகப் பேசுகிறது.

ஆனால் அவர் கொலை செய்யப்பட்டார் என்ற பேச்சின் நிலை வேறு. பிரித்தானியர், ஜெர்மானியர், குடும்பத்தார், கணவர், உம்மு குல்தூம் என்று கொலையாளிகளாகச் சுட்டப்பட்டோரின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. எவர் மீதும் ஆதாரம் காட்டப்படவில்லை. சமகாலப் போட்டியாளர் என்பது தவிர உம்மு குல்தூமின் மீது சொல்லப்பட்ட பழிக்கு வேறு சான்றில்லை. ஒரே துறையில் நின்ற சமகாலத்தவர் ஒருவரையொருவர் குறை கூறுவதை ஆதாரமின்றி ஏற்கலாகாது என்பதை ‘கலாமுல் அக்ரான்’ என்னும் தலைப்பில் இமாம் தஹபீ (ரஹ்) அவர்கள் வலியுறுத்தினார்கள். போட்டியாளர்களைப் பற்றிப் பிறர் கட்டிய கதைக்கும் இந்நெறி பொருந்தும். ஆக, ஒரே பெண்மணியைப் பற்றிய இரு செய்திகளுள் ஒன்று நிற்கிறது, மற்றது நிற்கவில்லை. ஒன்று மெய்யானதைக் கொண்டு மற்றதையும் மெய்யென ஊகிப்பது தவறு.

மறுப்பிலும் நுழையும் வதந்தி

இனி நம்மைப் போன்றோர் எளிதில் இடறும் இடம் ஒன்றுண்டு. லைலாவுக்காகப் பரிந்து பேசுவோர், ‘இவ்வதந்தியைக் கிளப்பியவர் அவரை விட்டுப் பிரிந்த அன்வர் வஜ்தீயே’ என்று உறுதிபடக் கூறுவதுண்டு. மணமுறிவின் கசப்பு ஒரு நோக்கத்தைக் காட்டலாமேயன்றிச் சான்றாகாது. வஜ்தீயோ லைலாவின் மீதான குற்றச்சாட்டை வெளிப்படையாக மறுத்துப் பேசியவர். 1955 மே மாதம் அவர் ஸ்டாக்ஹோமில் இறந்தார். அதன்பின் தமக்காகப் பேச இயலாதவரானார். ஒருவரின் மானத்தைக் காக்க மற்றொருவரின் மானத்தை விலையாகக் கொடுப்பது எவ்வகை நீதி?

‘அந்த வதந்தியே லைலாவின் திரைவாழ்வை முடித்துவிட்டது’ என்ற கூற்றும் அவ்வாறே ஆராயத்தக்கது. 1952க்குப் பின் 1953, 1954, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவரது படங்கள் வெளிவந்துள்ளன. 1955இன் ‘அல் ஹபீபுல் மஜ்ஹூல்’ படமே கடைசி; அப்போது அவருக்கு வயது 37. பின்னர் இயக்குநர் ஃபத்தீன் அப்துல் வஹ்ஹாபை மணந்து வாழ்ந்தார். இரு ஆண் மக்களின் தாயானார். வதந்தி அவரைப் புண்படுத்தியது, அதன் நிழல் நெடுங்காலம் தொடர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் திரையை விட்டு விலகியதற்கு அது ஒன்றே காரணம் என்பதை ஆண்டுகளின் வரிசை உறுதிப்படுத்தவில்லை. அன்றைய பத்திரிகைகளையும் ஆவணங்களையும் ஆய்ந்து ஹனான் ஹம்மாத் 2022இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, பல காரணங்கள் பின்னிக் கிடந்ததைக் காட்டுகிறது. அவரது இல்லற வாழ்வின் உட்செய்திகளை நாம் இங்கு விரிக்கவில்லை. நம் ஆய்வுக்கு அவை தேவையில்லை.

இப்னு கல்தூனும் இவ்வாறே செய்தார். ஹிஜ்ரி 187இல் (803) கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் பர்மகீ குடும்பத்தை வீழ்த்தியதற்குக் கலீஃபாவின் சகோதரி அப்பாஸாவையும் ஜஅஃபர் பர்மகீயையும் இணைத்த ஒரு கதையைப் பழைய வரலாற்று நூல்களும் சுமந்து வந்தன. இப்னு கல்தூன் அதனை மறுத்தார். குலப்பெருமையைக் கொண்டு அவர் கூறிய வாதம் இன்று வலுவற்றதாகத் தோன்றலாம். ஆனால் ஆட்சியதிகாரமும் கருவூலமும் பர்மகீக்களின் கையில் குவிந்ததே உண்மைக் காரணம் என்று அவர் காட்டிய இரண்டாம் வாதம் வரலாற்றாய்வாகும். ஆயினும் 1906இல் ஜுர்ஜீ ஸைதான் அக்கதையை நாவலாக்கினார்; மக்கள் மீண்டும் அதையே படித்தனர். சுவையான பொய்யின் ஆயுள் நீண்டது.

பிறப்பும் ஈமானும்

லைலாவின் மீதான வதந்தி நிலைத்ததற்கு ஆழ்ந்த காரணம் அவரது பிறப்பே. முஸ்லிமாகப் பிறந்த ஒரு நடிகையின் மீது இதே செய்தி சொல்லப்பட்டிருப்பின் அது அத்தனை எளிதில் பரவியிராது. அவருடைய ஷஹாதாவைக் காட்டிலும் அவருடைய தந்தையின் மார்க்கத்தைப் பலர் பெரிதாக எண்ணினர்.

அன்னை ஸஃபிய்யா பின்த் ஹுயை (ரலி) அவர்களின் வரலாற்றை நாம் மறக்கலாகாது. யூதரின் மகள் என்று பிறர் சுட்டியபோது வருந்திய அவர்களுக்கு, நபி ஹாரூன் (அலை) அவர்களின் வழித்தோன்றல் என்னும் சிறப்பை எடுத்துச் சொல்லி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் அளித்தார்கள். பின்னாளில் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஸஃபிய்யா (ரலி) சனிக்கிழமையை நேசிக்கிறார், யூதர்களுடன் உறவு பேணுகிறார் என்று அவர்களின் பணிப்பெண்ணே முறையிட்டதாக நபித்தோழர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உமர் (ரலி) அவர்கள் அதைப் பரப்பவில்லை, அன்னையிடமே கேட்டார்கள். வெள்ளிக்கிழமை வழங்கப்பட்ட பின் சனிக்கிழமையில் தமக்கு நாட்டமில்லை என்றும், யூதர்களில் தமக்கு இரத்த உறவினர் உள்ளதால் அவ்வுறவைப் பேணுவதாகவும் அன்னை விடையளித்தார்கள். அத்துடன் விசாரணை முடிந்தது. உறவைப் பேணுவது துரோகமென்று கருதப்படவில்லை. புகார் சொன்ன பணிப்பெண்ணை அன்னை விடுதலை செய்ததாகவும் அவ்வறிவிப்பு கூறுகிறது.

செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் கற்பிக்கிறது. அதே அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தீய எண்ணத்தையும் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது. இவ்வசனங்களை நாம் ஓதுகிறோம். ஆயினும் நம் ஊர்களில் இஸ்லாத்தைத் தழுவியவர் ஒருவரை இரண்டு தலைமுறை கடந்தும் பழைய அடையாளத்தைச் சொல்லியே குறிப்பிடுவோர் இல்லையா? கைப்பேசியில் வந்ததை வந்தவுடன் அனுப்பிவிட்டுத் தொழுகைக்கு எழுவோர் இல்லையா? கெய்ரோவின் பத்திரிகைகள் 1952இல் செய்ததை இன்று ஒவ்வொரு கையும் செய்ய வல்லதாயிருக்கிறது.

லைலா முராதின் கலையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் மார்க்க நிலைப்பாட்டைப் பொறுத்தது. அவர் மீது சுமத்தப்பட்ட பழியை ஆதாரமின்றி ஏற்கும் உரிமை எவருக்கும் இல்லை. நம் முன்னோர் நபிமொழியைக் காக்க வார்த்த தராசு ஓர் எளிய பாடகியின் மானத்தையும் நிறுக்கப் போதுமானது. அதனைப் பரணில் வைத்துவிட்டு அதன் பெருமையை மட்டும் பேசிக்கொண்டிருப்போமாயின், குறை தராசில் இல்லை.

வல்லாஹு அஃலம்.