பாதி வேகத்தின் கணக்கு

ஒரு மின்மோட்டார் எவ்வளவு வலியது என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் விடை தேடியதால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் மின்பொறியியல் பல பத்தாண்டுகள் ஒரு தவறான முடிவைச் சுமந்தது.

அளக்கும் கருவி முன்னரே இருந்தது. 1821-இல் பிரெஞ்சுப் பொறியாளர் காஸ்பார் டி புரோனி, சுழலும் தண்டை மரக்கட்டைகளுக்கு இடையே இறுக்கி, அவற்றோடு பிணைத்த நெம்புகோலின் முனையில் எடையைத் தொங்கவிட்டார். நெம்புகோல் சமநிலையில் நிற்கையில் எடையையும் நீளத்தையும் பெருக்கினால் முறுக்குவிசை கிடைக்கும். அதனுடன் சுழற்சி வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் திறன் கிடைக்கும்.

1834-இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் மோரிட்ஸ் யாக்கோபி அமைத்த மோட்டாரின் திறன் ஏறத்தாழ 15 வாட். 1838-இல் அவருடைய மேம்பட்ட மோட்டார் பயணிகள் அமர்ந்த படகொன்றை நேவா ஆற்றில் செலுத்தியது. தொடக்கத்தில் மோட்டாரின் வேகத்துக்கு எல்லையே இராது என்று நம்பிய யாக்கோபி, சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் குறைப்பதைக் கண்டார். அந்த எதிர் மின்னழுத்தம், மின்கலம் தருவதில் பாதியாக இருக்கும்போதே மோட்டார் மிகுதியான திறனைத் தரும் என்பது அவர் வகுத்த விதி. அந்நிலையில் மின்கலம் தரும் ஆற்றலில் பாதி வெப்பமாக வீணாகிறது.

விதி சரியானது, அதிலிருந்து பெறப்பட்ட முடிவுதான் பிழையானது. மிகுதியான திறன் தரும் நிலையே மிகச் சிறந்த நிலை என்று கருதப்பட்டதால், மின்மோட்டாரின் பயனுறுதிறன் 50 விழுக்காட்டைத் தாண்டாது என்ற எண்ணம் பரவியது. 1841-இல் ஜேம்ஸ் ஜூல், ஒரு பவுண்டு துத்தநாகம் மோட்டாரில் செய்யும் வேலை, ஒரு பவுண்டு நிலக்கரி சிறந்த நீராவி இயந்திரத்தில் செய்வதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எனக் கணக்கிட்டதும் நம்பிக்கையை மேலும் தளர்த்தியது.

1880 வாக்கில் எடிசனின் ஆய்வுக்கூடம் இம்மயக்கத்தைத் தெளிவாக்கியது. திறன் வேறு, பயனுறுதிறன் வேறு. உராய்வை ஒதுக்கிவிட்டு நோக்கினால், சுமையற்ற வேகத்தில் பாதியில் ஓடும் மோட்டார் மிகுதியான திறனைத் தருகிறது. ஆயினும் அதன் பயனுறுதிறன் 50 விழுக்காடே. அதே மோட்டார் சுமையற்ற வேகத்தின் 80 விழுக்காட்டில் ஓடினால், உச்சத் திறனில் 64 விழுக்காடே கிடைக்கும். பயனுறுதிறனோ 80 விழுக்காடு. வெளியீட்டில் சற்றே விட்டுக்கொடுத்தால் விரயம் பெருமளவு குறைகிறது.

1898-இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா வானொலி அலைகளால் இயக்கிக் காட்டிய சிறு படகு, தன் மின்கலத்தையும் தானே சுமந்தது. ஜப்பானின் தாமியா நிறுவனம் 1976-இல் வெளியிட்ட போர்ஷே 934 சிற்றுந்தும் அவ்வாறே. மின்கலத்தைச் சுமந்து ஓடும் ஊர்தியில் வீணாகும் ஒவ்வொரு வாட்டும் ஓடும் நேரத்தைக் குறைக்கிறது, மோட்டாரையும் சூடாக்குகிறது.

ஆதலால் இன்றும் இத்தகைய மோட்டாரைச் சோதிப்போர் உச்சத் திறனோடு நிறுத்துவதில்லை. சுமையை ஏற்றி ஏற்றி, மின்னழுத்தம், மின்னோட்டம், வேகம், முறுக்குவிசை ஆகிய நான்கையும் குறித்து வளைகோடு வரைகின்றனர். பற்சக்கர விகிதத்தை அவ்வளைகோடே முடிவு செய்கிறது. விகிதம் தவறி மோட்டார் எந்நேரமும் பாதி வேகத்தில் திணறினால், உட்செல்லும் ஆற்றலில் குறைந்தது பாதி அதன் கம்பிச்சுருளைச் சுடுவதற்கே செலவாகும்.